பெரியப்பாவின் ஐந்து பேட்டன்ட் காகிதங்கள்: டை கம்பெனியிடம் இப்போது பணம் கேட்க முடியுமா?

கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பெரியப்பா வண்ணாரப்பேட்டையில் சின்னதாக ஒரு பட்டறை நடத்தி வந்தார். அவர் மறைந்த பிறகு பரணை ஒழிக்கும்போது ஒரு டிரங்குப் பெட்டியில் ஐந்து காகிதக் கட்டுகள் கிடைத்திருக்கின்றன. இரண்டு தலைச்சாயம், அதாவது டை சம்பந்தப்பட்டவை. 1969-இல் சாயம் தயாரிக்கும் முறைக்கு ஒன்று, 1978-இல் இரண்டு அறை கொண்ட ஒரு புட்டிக்கு ஒன்று. மற்ற மூன்றும் வீட்டுச் சாமான்: 1981-இல் தேங்காய்த் துருவி, 1983-இல் எண்ணெய் டின்னுக்கு ஒரு மூடி, 1986-இல் மாடியில் துணி காயப்போடும் கொடிக்கு ஒரு கப்பி ஏற்பாடு. கடைசியில் சொன்னதன் மேல் மட்டும் ‘ப்ரொவிஷனல்’, அதாவது தற்காலிக விண்ணப்பம் என்று டைப் அடித்திருக்கிறது. இன்றைக்குக் கடையில் இரண்டு அறைப் பாக்கெட்டில் டை விற்கிறார்கள், இது எங்கள் பெரியப்பாவின் யோசனை, நஷ்டஈடு கேட்கலாமா என்பது நீங்கள் நேராகக் கேட்டது. ஆனால் கடைசி வரியில் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள். சாயத்தையும் தேங்காய்த் துருவியையும் ஒரே ஆள் கையில் எடுத்ததை வீட்டில் எல்லோரும் கிறுக்கு என்றுதான் சொன்னார்கள், நிஜமாகவே அவர் எதையாவது கண்டுபிடித்தாரா என்று. எனக்கு அதுதான் முக்கியமான கேள்வியாகப் படுகிறது. நான் வேதியியல் படித்துவிட்டுப் பேட்டன்ட் ஏஜென்டாக வேலை செய்கிறவன். இரண்டுக்கும் என்னால் முடிந்த அளவு பதில் சொல்கிறேன்.

பண விஷயத்தை முதலில் முடித்துவிடலாம், அதில் சந்தேகத்துக்கே இடமில்லை. ஐந்தில் எதுவும் இன்று உயிரோடு இல்லை. 1970-ஆம் ஆண்டுப் பேட்டன்ட் சட்டம் 1972 ஏப்ரல் 20-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் இருந்த 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பேட்டன்டின் ஆயுள் 16 ஆண்டு. புதுச் சட்டம் அதை 14 ஆண்டாகக் குறைத்தது, முழு விவரக்குறிப்பை, அதாவது கண்டுபிடிப்பை முழுதாக விளக்கி எழுதும் ஆவணத்தை, தாக்கல் செய்த தேதியிலிருந்து கணக்கு. இப்போது நாம் சொல்லும் 20 ஆண்டு 2003 மே 20 முதல்தான் வந்தது, அதுவும் அந்தத் தேதியில் உயிரோடு இருந்தவற்றுக்கு மட்டும். ஆக 1969-ஆம் ஆண்டுக் காகிதம் எந்தச் சட்டப்படி போயிருந்தாலும் 1985-ஐத் தாண்டியிருக்க முடியாது. 1978-இன் புட்டி 1992-இல் முடிந்திருக்கும். துருவியும் மூடியும் தொண்ணூறுகளின் நடுவில் முடிந்திருக்கும். ஆயுள் முடிந்த கண்டுபிடிப்பை யார் வேண்டுமானாலும் செய்யலாம், விற்கலாம். கண்டுபிடித்தவர் ரகசியத்தை ஊரறியச் சொல்கிறார், பதிலுக்கு அரசு சில வருடம் தனியுரிமை தருகிறது. வருடம் முடிந்தால் அது பொதுச் சொத்து. கம்பெனி உங்கள் பெரியப்பா எழுதியதை வரிக்கு வரி அப்படியே செய்திருந்தாலும் இன்று அது மீறல் இல்லை. அந்தக் காலத்திலேயே யாராவது மீறியிருந்தாலும், மீறிய நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட்டிருக்க வேண்டும். வக்கீல் யாராவது “பார்க்கலாம், நோட்டீஸ் விட்டுப் பார்ப்போம்” என்று சொன்னால் நோட்டீஸ் செலவை மிச்சப்படுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்தது, ‘பேட்டன்ட் வாங்கியிருந்தார்’ என்பதில் உள்ள சிக்கல். குடும்பங்களில் இந்தச் சொற்றொடரை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். பாதி நேரம் அதற்கு அர்த்தம் ‘விண்ணப்பம் போட்டிருந்தார்’ என்பதுதான். பழைய முறையில் விண்ணப்பம் கொடுத்த அன்றே ஒரு எண் தந்துவிடுவார்கள். சென்னை அலுவலகத்தில் போட்டதென்றால் எண்ணுக்கும் வருடத்துக்கும் நடுவே ‘எம்ஏஎஸ்’ என்ற மூன்று எழுத்து இருக்கும், மெட்ராஸ் என்பதன் சுருக்கம். அந்த எண் இருப்பதாலேயே பேட்டன்ட் கிடைத்தது என்று ஆகாது. பரிசோதகர் பார்த்து ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏற்றதை அரசிதழில் விளம்பரம் செய்வார்கள். எதிர்ப்பு இருந்தால் தெரிவிக்க நான்கு மாதம் அவகாசம். அதன் பிறகு கட்டணம் கட்டி முத்திரை வாங்க வேண்டும். உங்கள் கட்டுகளில் அரசு முத்திரை போட்ட கெட்டிக் காகிதம் எதில் இருக்கிறது, வெறும் ரசீதும் கார்பன் நகலும் எதில் இருக்கின்றன என்று பிரித்துப் பாருங்கள். முத்திரை வாங்கிய பிறகும் மூன்றாம் வருடத்திலிருந்து ஆண்டுதோறும் புதுப்பிப்புக் கட்டணம் கட்டினால்தான் பேட்டன்ட் நிற்கும். பட்டறைக்காரர்களின் பேட்டன்டுகள் பெரும்பாலும் நீதிமன்றத்தில் சாவதில்லை, ஏதோ ஒரு வருடம் கட்டணம் கட்டாமல் விட்டதில்தான் சாகின்றன. பெட்டியில் கட்டண ரசீதுகள் எந்த வருடம் வரை தொடர்ச்சியாக இருக்கின்றன என்று பார்த்தால், அவர் எதை எவ்வளவு காலம் நம்பினார் என்பதும் தெரியும்.

தேடுவதற்கு வழி உண்டு. பேட்டன்ட் அலுவலகத்தின் தேடுதளம் இலவசம். பழைய எண்களைப் போட்டுப் பாருங்கள், கிடைத்தால் நல்லது. பழைய பதிவுகள் எல்லாமே முழு வடிவில் ஏறியிருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஏற்கப்பட்ட விவரக்குறிப்புகளின் அறிவிப்புகள் அந்நாளில் இந்திய அரசிதழின் மூன்றாம் பகுதி, இரண்டாம் பிரிவில் வந்தன. எழும்பூர் கன்னிமரா நூலகம் நாட்டின் வைப்பு நூலகங்களில் ஒன்று, அதாவது நாட்டில் வெளியாகும் நூல்களின் பிரதி வந்து சேரும் இடம், அங்கே பழைய அரசிதழ்த் தொகுதிகளைக் கேட்டுப் பாருங்கள். கிண்டி ஜிஎஸ்டி சாலையில் இருக்கும் அறிவுசார் சொத்து அலுவலகத்துக்கு நேரில் போவதானால் எண்ணையும் தேதியையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். “எங்க பெரியப்பா பேருல இருக்கான்னு பாருங்க சார்” என்று நின்றால் வேலை நடக்காது.

இனி, ஒரே ஆள் எப்படிச் சாயத்தையும் சாமானையும் சேர்த்துச் செய்தார் என்ற விஷயம். வீட்டில் சிரித்தவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 1856-இல் லண்டனில் 18 வயதுப் பையன் வில்லியம் ஹென்றி பெர்கின், மலேரியாவுக்கான கொய்னாவைச் செயற்கையாகச் செய்யப் போய் ஊதாச் சாயம் ஒன்றைக் கண்டு, அதற்குப் பேட்டன்ட் எடுத்தார். நிலக்கரித் தாரிலிருந்து சாயம் எடுக்கும் தொழில் முழுக்க அங்கிருந்துதான் கிளம்பியது, தலைமுடிச் சாயமும் அதன் ஒரு கிளை. அதே 1856-இல் இந்தியாவில் முதல் பேட்டன்ட் சட்டம் வந்தது. அதன்கீழ் முதல் விண்ணப்பம் போட்டவர் கல்கத்தாவில் இருந்த ஜார்ஜ் ஆல்ஃபிரட் டிபென்னிங் என்ற சிவில் இன்ஜினியர். எதற்குத் தெரியுமா? பங்கா, அதாவது கூரையில் தொங்கும் விசிறி, இழுக்கும் இயந்திரத்துக்கு. அதாவது நம் நாட்டுப் பேட்டன்ட் கணக்கு ஒரு வீட்டுச் சாமானில்தான் தொடங்குகிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது அதைவிட நேரடியான விஷயம். வீட்டில் டை அடிப்பது என்பதே வேதியியல் வேஷத்தில் இருக்கும் ஒரு வீட்டுச் சாமான் பிரச்சினை. நிலையான டை எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். அதில் இருக்கும் பாரா-ஃபினிலின்டையமீன், சுருக்கமாகப் பிபிடி, நிறமே இல்லாத சின்ன மூலக்கூறு. அம்மோனியா மாதிரி ஒரு காரம் முடியின் வெளிச் செதில்களை உப்பவைத்துத் திறக்கிறது. பிபிடி உள்ளே போகிறது. கூடவே கலந்த பெராக்சைடு அதை ஆக்சிஜனேற்றம் செய்கிறது. மாறிய பிபிடி, ரெசார்சினால் போன்ற இணைப்பான்களோடு சேர்ந்து பெரிய, நிறமுள்ள மூலக்கூறாக ஆகிவிடுகிறது. உள்ளே போன வழியில் திரும்ப வெளியே வர முடியாத அளவுக்குப் பெரிதாகிவிடுவதால் குளித்தாலும் போவதில்லை. இதில் இரண்டு விஷயம் கவனியுங்கள். சாயமும் பெராக்சைடும் தலைக்குப் போகிற நிமிடம் வரை ஒன்றையொன்று தொடவே கூடாது, தொட்டால் புட்டிக்குள்ளேயே கறுத்து வீணாகும். தொட்ட பிறகோ அரை மணி, முக்கால் மணிக்குள் வேலையை முடித்துவிட வேண்டும். அந்த நேரத்துக்குள் சரியான அளவில் கலக்க வேண்டும், நெற்றியில் வழியக் கூடாது, தலையணை உறையில் ஒட்டக் கூடாது, பின்மண்டைக்குக் கை எட்ட வேண்டும். பிபிடியைச் சாயமாகப் பயன்படுத்தும் பேட்டன்ட் 1883-லேயே பிரான்சில் எடுக்கப்பட்டுவிட்டது. பாரிஸில் யூஜின் ஷுல்லர் தன் சாயத்தை 1907-இல் செய்து, 1909-இல் கம்பெனி தொடங்கினார். அதுதான் பின்னாளில் லோரியால். ஆகவே அடிப்படை வேதியியலில் 1969-இல் வண்ணாரப்பேட்டைக்காரர் புதிதாகப் பிடிக்க அதிகம் மிச்சமில்லை. மிச்சமிருந்தது முழுக்க மூடியிலும் புட்டியிலும் சீப்பிலும்தான். எண்ணெய் டின் மூடியைப் பற்றி யோசிக்கிற கைதான் இரண்டு அறைப் புட்டியையும் யோசிக்கும். அவர் இரண்டு துறையில் காலை வைத்ததாக நான் நினைக்கவில்லை. ஒரே துறைதான், ஒட்டுகிறதும் வழிகிறதும் சிந்துகிறதும்.

இதை இன்னும் நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். திரவப் பெராக்சைடைத் தவிர்த்துப் பொடியாகவே டை விற்க வேண்டுமென்றால் பெர்போரேட் மாதிரித் திடமான ஆக்சிஜனேற்றியைச் சாயத்தோடு உலர்வாகக் கலந்து வைக்கிறார்கள். வீட்டில் தண்ணீர் ஊற்றினதும் வினை தொடங்கும். மலிவு, சுலபம். ஆனால் சென்னையில் ஐப்பசி கார்த்திகையில் காற்றில் இருக்கிற ஈரத்துக்குச் சாதாரணப் பிளாஸ்டிக் உறை தாங்காது, பாக்கெட்டுக்குள்ளேயே பொடி கட்டி தட்டிக் கறுத்துவிடும். பொடி டை நிலைத்தது அலுமினியத் தாள் ஒட்டிய உறையால்தான் என்றே சொல்லலாம். கடலூர் சின்னி கிருஷ்ணன் சின்னப் பாக்கெட்டில் ஷாம்பு விற்றுக் காட்டியதிலிருந்து தமிழ்நாட்டில் பாக்கெட் வியாபாரத்துக்கு ஒரு தனி வரலாறே உண்டு, அதைத் தனியாக எழுத வேண்டும். சாயத்தில் பேர் வாங்குவது நிறம், காசு சம்பாதிப்பது உறை.

காகிதங்களுக்கு வருவோம். 1969-ஆம் ஆண்டுக் கட்டு ‘தயாரிக்கும் முறை’ என்று தொடங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தலைப்பை வைத்து எதுவும் சொல்ல முடியாது. தலைப்பு எப்போதும் அகலமாகத்தான் இருக்கும். கடைசிப் பக்கங்களில் எண் போட்டு வரிசையாக வரும் க்ளெய்ம்கள், அதாவது எதற்கு உரிமை கேட்கிறார் என்று சொல்லும் வரிகள்தான் பேட்டன்ட், மற்றதெல்லாம் விளக்கம். ஒன்றை மட்டும் வரலாற்றுத் தகவலாகச் சொல்கிறேன். 1972 முதல் 2004 முடிய நம் சட்டத்தில் வேதியியல் முறையில் செய்யும் பொருள்களுக்குப் பொருளின் மேல் உரிமை கிடையாது, செய்யும் முறையின் மேல் மட்டும்தான். மருந்து, உணவு வகைக்கு ஆயுளும் குறைவு, அதிகபட்சம் ஏழு வருடம். எனவே அவர் அதில் ‘நரையைத் தடுக்கும்’ என்று எழுதியிருந்தால் அலுவலகம் அதை மருந்தாகப் பார்த்திருக்கவும் கூடும், வெறும் நிறம் ஏற்றுவது என்று எழுதியிருந்தால் பார்க்காமல் விட்டிருக்கவும் கூடும். அது க்ளெய்மைப் படித்தால்தான் தெரியும்.

சூத்திரம் எந்த வகையாக இருக்கும் என்று ஊகிக்க மட்டும் முடிகிறது. மூன்று சாத்தியம் உண்டு. ஒன்று மருதாணியும் அவுரியும். மருதாணி இலையில் இருக்கும் லாசோன் முடிக்குச் செம்மை கொடுக்கும், அவுரி அதன் மேல் நீலத்தை ஏற்றும், இரண்டும் சேர்ந்தால் கருமைக்குப் பக்கத்தில் வரும். இது ஊரறிந்த விஷயம். இன்று விண்ணப்பித்தால் பாரம்பரிய அறிவு என்று 2003-இல் வந்த 3(p) பிரிவில் நிறுத்திவிடுவார்கள். மஞ்சள் காயம் ஆற்றும் என்பதற்கு அமெரிக்காவில் 1995-இல் கொடுத்த பேட்டன்டை நம் அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சிஎஸ்ஐஆர் வாதாடி 1997-இல் ரத்து செய்ய வைத்தது, அந்த அனுபவத்துக்குப் பிறகு நாம் உஷாராகிவிட்டோம். இரண்டாவது சாத்தியம் பிபிடிப் பொடி. மூன்றாவது, தினமும் தடவத் தடவப் படிப்படியாகக் கறுக்கும் தைலம். அந்த வகையில் ஈய அசிடேட்டோ வெள்ளி நைட்ரேட்டோ இருப்பது வழக்கம்.

இங்கே கொஞ்சம் கண்டிப்பாகவே பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ‘அவர் ஃபார்முலாவை நானே செய்து பார்க்கலாமா’ என்று அடைப்புக்குறிக்குள் கேட்டிருக்கிறீர்கள். பேட்டன்ட் முடிந்துவிட்டது என்பது பேட்டன்ட் தடை இல்லை என்று மட்டும்தான் சொல்கிறது. நிறத்துக்காக ஈயச் சேர்மம் போட்ட அழகுசாதனத்தை இந்தியாவில் தயாரிக்கவே கூடாது. பிபிடிக்குத் தடை இல்லை, ஆனால் ஒவ்வாமை வந்தால் முகம் வீங்கிக் கண் மூடிக்கொள்ளும். வாய்வழி உள்ளே போனால் தொண்டை வீங்கி மூச்சு அடைக்கும், தசை சிதைந்து சிறுநீரகம் செயலிழக்கும், முறிவு மருந்தும் கிடையாது. நம் பக்கத்து அவசரப் பிரிவு மருத்துவர்களுக்கு இது புதிதல்ல. அதனால்தான் பாக்கெட்டில் முதலில் சிறு இடத்தில் சோதித்துப் பார்க்கச் சொல்லியும், புருவத்திலும் இமையிலும் போடாதே, பார்வை போகலாம் என்றும் அச்சிடச் சட்டமே கட்டாயப்படுத்துகிறது. விற்பதற்குச் செய்வதானால் 2020-ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி உரிமம் வேண்டும். தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில் இருக்கும் மருந்து கட்டுப்பாட்டு இயக்குநரகத்தில் கேளுங்கள். சமையலறையில் தராசு வைத்துச் செய்து பார்க்கிற சமாச்சாரம் இல்லை இது.

1978-இன் புட்டிதான் எனக்கு ஐந்திலும் பிடித்தது. இது பொருளின் வடிவமைப்பு, வேதியியல் இல்லை. ஆகவே முறைக்கு மட்டும் என்ற கட்டுப்பாடு இதற்குப் பொருந்தாது, க்ளெய்ம் நேரடியாகப் புட்டியின் மேலேயே இருக்கலாம். கடைப் பாக்கெட்டோடு ஒப்பிட வேண்டுமென்றால் முறை இதுதான். முதல் க்ளெய்மை எடுத்துத் துண்டு துண்டாக உடைத்து எழுதுங்கள். உதாரணத்துக்கு அது, கெட்டியான உடல், நடுவே குறுக்குத் தடுப்பு, திருகினால் தடுப்பைக் குத்திக் கிழிக்கும் ஊசியுள்ள மூடி, நுனியில் பிரஷ் என்று நான்கு கூறு சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கும் இருந்தால்தான் அது அவருடைய பொருள். கடைப் பாக்கெட்டில் நடுவே ஒட்டிய கோடு இருக்கிறது, கத்தரித்தால் இரண்டு பக்கமும் ஒன்றாகக் கையில் வழிகிறது. மூடியும் இல்லை, ஊசியும் இல்லை. ‘இரண்டு அறை’ என்ற எண்ணம் ஒன்றுதான், கண்டுபிடிப்பு வேறு. எண்ணத்துக்கு யாரும் பேட்டன்ட் தருவதில்லை. எனவே பேட்டன்ட் உயிரோடு இருந்திருந்தாலும் நீங்கள் சொல்லும் பாக்கெட்டை இது பிடித்திருக்கும் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன். இது க்ளெய்மைப் பார்க்காமல் சொல்வது. க்ளெய்மைப் பார்த்தால் என் கருத்து மாறலாம்.

துருவியும் மூடியும் நிஜக் கண்டுபிடிப்புகளா? இந்த இடத்தில் நம் சட்டத்தின் மிக முக்கியமான தீர்ப்புகளில் ஒன்று வீட்டுப் பாத்திரத்தைப் பற்றியது என்று சொன்னால் நம்புவீர்களா. உத்தரப்பிரதேசத்து மிர்சாபூரில் பாத்திரம் செய்கிறவர்கள் கடைசல் இயந்திரத்தில் பாத்திரத்தை அரக்கு போன்ற பசையால் ஒட்டி வைத்துச் சுரண்டிப் பளபளப்பாக்குவார்கள். சுழலும்போது சிலசமயம் பிய்த்துக்கொண்டு பறந்து ஆளைக் காயப்படுத்தும். இந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ் என்ற நிறுவனம், பசை இல்லாமல் அழுத்திப் பிடித்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு 1951 தேதியிட்ட, 46368 என்ற எண்ணுள்ள பேட்டன்ட் எடுத்தது. விஸ்வநாத் பிரசாத் ராதே ஷ்யாம் என்ற எதிர்த்தரப்பு அதே மாதிரி செய்ய, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1978-இல் தீர்ப்பு வந்தது. பேட்டன்ட் செல்லாது. வேலை பத்திரமாகிறது, வேகமாகிறது, பாத்திரம் நன்றாக வருகிறது என்பதெல்லாம் இருந்தாலும், தெரிந்த உறுப்புகளைத் தெரிந்த விதத்தில் சேர்த்ததுதான், திறமையான பட்டறைக்காரர் யாரும் செய்யக்கூடிய மேம்பாடு, கண்டுபிடிப்புக்கு அதைவிடக் கொஞ்சம் அதிகம் வேண்டும் என்றார்கள். இன்றைக்கும் பேட்டன்ட் பரிசோதனையில் அந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டாத வாரம் இல்லை. சட்டத்தின் 3(எஃப்) பிரிவும் அதே பாதையில், ஏற்கெனவே உள்ள கருவிகளை இடம் மாற்றி அடுக்கினால் கண்டுபிடிப்பு ஆகாது என்கிறது.

எனக்கு அந்தத் தீர்ப்பில் ஒரு சின்ன மனத்தாங்கல் உண்டு. சட்டமாகச் சரிதான். ஆனால் பட்டறையில் விரல் போன ஆளுக்கு அது ‘வெறும் மேம்பாடு’ இல்லை. உங்கள் பெரியப்பாவின் துருவிக்கும் இதே கதி நேர்ந்திருக்கலாம். கைப்பிடி சுழற்றும் துருவி வகைகள் ஏற்கெனவே இருந்தவை, அவர் சேர்த்தது என்ன என்பதில்தான் விஷயம். அடியில் ரப்பர் உறிஞ்சியைச் சேர்த்து மேடையில் ஒட்ட வைத்தார் என்றால் பரிசோதகர் கேள்வி கேட்டிருப்பார். பல்லின் வளைவை மாற்றி ஓடு சுரண்டாமல் தேங்காய் மட்டும் வரும்படி செய்தார் என்றால் சரி என்று தலையை ஆட்டியிருப்பார். பேட்டன்ட் அலுவலகத்தோடு நடந்த கடிதப் போக்குவரத்து பெட்டியில் இருந்தால் விவரக்குறிப்பைவிட முதலில் அதைப் படியுங்கள். பரிசோதகர் என்ன ஆட்சேபித்தார், இவர் என்ன பதில் சொன்னார் என்பதில்தான் ஒரு கண்டுபிடிப்பாளரின் தரம் தெரியும்.

அப்படியென்றால் எல்லாம் பழைய பேப்பர்காரருக்குத்தானா? இல்லை. வெளியிடப்பட்ட பழைய விவரக்குறிப்பு ஆயுள் முடிந்த பிறகும் ஒரு வேலை செய்யும். அதே விஷயத்துக்கு இன்று வேறு யாராவது புதிதாகப் பேட்டன்ட் கேட்டால், ‘இது 1978-லேயே தெரிந்த விஷயம்’ என்று காட்ட அது சான்று. பேட்டன்ட் வழங்கும் முன் எதிர்ப்புத் தெரிவிக்க எந்த நபருக்கும் 25(1) பிரிவு இடம் தருகிறது, 2024-இல் வந்த விதித் திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் கட்டணம் உண்டு. எனவே அந்தக் கம்பெனிப் பாக்கெட்டில் பேட்டன்ட் எண்ணோ, விண்ணப்பம் நிலுவையில் உள்ளது என்ற வாசகமோ இருக்கிறதா என்று பாருங்கள். 12 இலக்க விண்ணப்ப எண்ணாக இருந்தால் முதல் நான்கு இலக்கம் ஆண்டு, ஐந்தாவது இலக்கம் அலுவலகம், சென்னைக்கு 4. தளத்தில் போட்டுப் பார்த்து, அவர்கள் கேட்பது பெரியப்பா எழுதியதற்குள் அடங்குகிறதா என்று ஒப்பிடலாம். பணம் வராது. ஆனால் ஊருக்கு வந்து சேர்ந்ததைத் திரும்ப ஒருவர் வேலி போடாமல் தடுக்கலாம். விண்ணப்பமே இல்லாமல் ‘பேட்டன்ட்’ என்று அச்சிட்டிருந்தால் அது 120-ஆம் பிரிவில் தனிக் குற்றச்சாட்டு, அபராதம் இப்போது பத்து லட்சம் ரூபாய் வரை. அதே எச்சரிக்கை உங்களுக்கும்: மீதம் இருக்கிற துருவிகளை ‘பேட்டன்ட் பெற்றது’ என்று எழுதி விற்காதீர்கள். அவர் ஏதாவது பிராண்ட் பெயர் வைத்து விற்றாரா என்றும் பாருங்கள். டிரேட்மார்க்கைப் பத்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம், ஆனால் பல பத்தாண்டாகப் பயன்பாட்டில் இல்லாத பெயரில் பெரிதாக எதிர்பார்க்க ஒன்றுமில்லை.

கடைசியாக 1986-இன் ப்ரொவிஷனல் காகிதம். ப்ரொவிஷனலில் க்ளெய்ம் தேவையில்லை, யோசனையைச் சொல்லித் தேதியைப் பிடித்து வைப்பதுதான் அது. குறித்த காலத்துக்குள் முழு விவரக்குறிப்பு கொடுக்காவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாக ஆகிவிடும். அந்தக் காலத்தில் ஏற்கப்பட்ட பிறகுதான் வெளியிடுவார்கள். ஆக அவர் பின்தொடரவில்லை என்றால் அந்தக் கப்பி ஏற்பாடு அலுவலகத்தைத் தாண்டி வெளியே போயிருக்கவே வாய்ப்பில்லை. வெளியே போகாதது இன்னும் புதிதாக இருக்கலாம். அவர் அதைச் செய்து விற்கவில்லை, பக்கத்து மாடிகளில் மாட்டிக் கொடுக்கவும் இல்லை, வேறு யாரும் இதற்குள் தனியாகக் கண்டுபிடித்துவிடவும் இல்லை என்றால், மறைந்தவரின் சட்டப்படியான வாரிசு விண்ணப்பிக்க 6-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. தனிநபர் ஆன்லைனில் தாக்கல் செய்ய 1,600 ரூபாய், பரிசோதனை கேட்க 4,000 ரூபாய் அரசுக் கட்டணம். கொடிக் கப்பியில் இத்தனை வருடத்தில் உலகம் முழுக்க எவ்வளவோ வந்துவிட்டன, அதனால் வாய்ப்பு குறைவு என்றுதான் சொல்வேன். ஆனால் நீங்கள் ஐந்து கட்டுகளையும் படம் எடுத்து இங்கே போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். மற்ற நான்கின் க்ளெய்ம் பக்கங்களைத் தாராளமாகப் போடுங்கள், படித்துச் சொல்கிறேன். இந்த ஒன்றை மட்டும் போடாதீர்கள், போட்ட நிமிடமே அதன் புதுமை போய்விடும். முதலில் தேடுதளத்தில் பாருங்கள், பட்டறையில் அவரோடு வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால் அந்தக் கப்பியை எங்காவது மாட்டினார்களா என்று விசாரியுங்கள், பிறகு பேசலாம்.